தன்னோயும் பிறர்நோயும்

தன் வீட்டில் நோய் புகுந்த பின்னரே ஒருவன் பிறர் நோய்க்கு இரங்கக் கற்றுக்கொள்வானாயின், அவ்விரக்கத்தை அறமென்று கொள்வதா, தன்னலத்தின் வேறோர் உருவமென்று தள்ளுவதா? இக்கேள்வி பழமையானது. இதற்கு விடை கூறிய பெரியோரும் பலர். ஆயினும் நாம் இதனை அவர்தம் நூல்களைப் படித்து எழுப்பிக்கொண்டோமில்லை. நமது ஆபீஸ் மேசைமீதிருந்த ஒரு தகர உண்டியலும், அதனருகே விரித்துக் கிடந்த செக்ரோல் புத்தகமுமே நமக்கு இதனை எழுப்பின. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவாம்.

நாம் மலேசியாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். பாட்டனார் காலத்தில் பால்மரம் நின்ற அதே மண்ணில் இப்பொழுது செம்பனை நிற்கிறது. அன்று லயங்களை நிறைத்திருந்த நம்மவர்களிற் பெரும்பாலோர் பட்டணம் சேர்ந்துவிட்டனர், எஞ்சியிருப்போர் சிலர். சிறு வயதில் சிங்கப்பூரில் அத்தை வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியிற் படித்தமையால், கடிதம் எழுதவும் கணக்குக் காட்டவும் வல்லவரென்று கருதி, வட்டாரத்துச் சிறுநீரக நோயாளர் உதவிக் கமிட்டியார் நம்மைக் காரியதரிசியாக்கினர். ஆறு ஆண்டுகள் அப்பணியைச் செய்தோம். செம்மையாகவே செய்தோம் என்றும் சொல்லிக்கொள்வோம். கூட்டுறவுக் கடையிலும் கோயில் வாசலிலும் தோட்ட ஆபீசிலும் உண்டியல் வைத்தோம். மார்ச்சு மாதத்து இரண்டாம் வியாழக்கிழமையில் வரும் உலகச் சிறுநீரக தினத்தையொட்டி ஆண்டுதோறும் நடைப்பயணம் நடத்தினோம். மேடையேறிப் பிரசங்கமும் செய்தோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயதுவந்தோரில் 100-க்கு 18.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது, 2023-இல் அது 15.6 ஆகக் குறைந்தது, ஆயினும் இந்தியரிடையேதான் அது மிகுதி, நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஏறத்தாழ 50,000 பேர், புதிதாகச் சேர்வோரிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம் என்பனவற்றையெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்போம். கேட்டோர் கைதட்டுவர். உண்டியல் நிறையும். நாமும் நிறைந்த மனத்தினராய் வீடு திரும்புவோம்.

அக்காலத்தில் ஒருநாள் மாலை, குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் ஆபீஸ் வாயிலில் வந்து நின்றார். அவருடைய மனைவியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. "ஐயா, வாரத்துல மூணு நாள் அவளை டவுனுக்குக் கொண்டு போகணும். அந்த நாள்ல பெரட்டுக்கு வர முடியாது. பதினோரு மணிக்கு மேல வந்து வெட்டிடுறேன். பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார். பெரட்டில் நில்லாதவனுக்குச் செக்ரோலில் பெயரில்லை என்பது தோட்டத்தின் விதி. அவ்விதியை நாம் செய்தவரல்லோம். ஆனால் அவருடைய விண்ணப்பத்தை நிருவாகியிடம் கொண்டுசெல்ல நமக்கு வாயிருந்தது, காலிருந்தது, ஆங்கிலமும் இருந்தது. நாம் சென்றோமில்லை. விதியை எடுத்துரைத்து அனுப்பிவிட்டோம். அவர் பேசி முடிக்கும்வரை அவருக்கும் நமக்கும் நடுவே மேசைமீது நமது உண்டியல் இருந்தது என்பதை அன்று நாம் கவனித்திலோம். பின்வந்த மாதங்களில் அவர் பெயருக்கு நேரே வாரம் மூன்று முறை 'வரவில்லை' என்று எழுதிய கை நம்முடையது. ஆண்டு முடியுமுன் அவர் குலை வெட்டுவதை விட்டு இரவு ஜாகா வேலைக்கு மாறிக்கொண்டார். பகலெல்லாம் மனைவியாருக்கும், இரவெல்லாம் தோட்டத்துக்கும் என்று ஆயிற்று. அவர் எப்பொழுது உறங்கினார் என்பதை நாம் கேட்டதில்லை.

அதன்பின் இரண்டாண்டு கழித்து நமது தாயாரின் கால்கள் வீங்கத் தொடங்கின.

தாயார் முப்பதாண்டுக்கு மேல் பால் வெட்டியவர். நீரிழிவு நெடுநாளாக உண்டு. ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளலாம் என்று ஊருக்கெல்லாம் மேடையிற் கூவிய நாம், நம் தாயாரை அங்கே அழைத்துச் சென்ற தடவைகள் மிகச் சிலவே. சிறுநீரகம் பழுதுறும்போது நோவு தருவதில்லை. பெரும்பகுதி கெட்ட பின்னரே குமட்டலும் மூச்சிரைப்பும் வீக்கமும் தோன்றும். டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி விளக்கத் தொடங்கியபோது, அவர் சொன்னவற்றுள் ஒன்றேனும் நமக்குப் புதிதன்று. அத்தனையும் நாமே பிறருக்குச் சொன்னவை. எனினும் அவற்றை அன்றுதான் முதன்முதல் கேட்டவர் போல் நாம் உட்கார்ந்திருந்தோம்.

வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்பது துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி. அதனை வாழ்ந்து பார்ப்பது வேறு. முன்கையில் நாடியையும் சிரையையும் இணைத்து ஒரு சிறு அறுவை செய்கின்றனர். அது முதிர்வதற்கு வாரக் கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். முதிர்ந்தபின் அவ்விடத்திற் கைவைத்தால் வண்டு இரைவதுபோன்ற அதிர்வு தோன்றும். காலைதோறும் நமது மனைவியார் தாயாரின் கையைத் தொட்டு, "அத்தை, ஓடுது" என்பார். அதன்பின்னரே வீட்டில் அடுப்பு மூட்டப்படும். உண்டியல் நமக்குக் கற்பியாத இன்னொன்று தாகம். சிறுநீர் பிரியாத உடம்பிற் பருகிய நீரெல்லாம் தங்கிவிடுதலின், நாளொன்றுக்கு அரை லீட்டருக்குச் சற்று மேலாகவே தாயாருக்கு நீர் அளந்து கொடுக்கிறோம். வெயிலில் மரத்துக்கு மரம் நடந்து, வாளிச் சுமையோடு வந்து, தூக்குச்சட்டி நிறையத் தேத்தண்ணீர் குடித்துப் பழகியவர், இன்று ஒரு பனிக்கட்டித் துண்டை வாயிலிட்டுக் கொண்டு அது கரையாமலிருக்க வேண்டுமென்று பார்க்கிறார். இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, நட்சத்திரப்பழமோ நஞ்சு. கீரையை வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தல் வேண்டும்; சாரமெல்லாம் போய்விடுகிறதே என்று தாயார் வருந்துவார். இயந்திரத்திலிருந்து விடுபட்டு எழும்போது கால் இழுக்கும், தலை சுற்றும். அந்நிலையில் பஸ் ஏறி வருதல் எங்ஙனம்? வண்டி வேண்டும், உடன் ஓராள் வேண்டும்.

பணத்தின் கணக்கையும் சொல்லிவிடுவோம், கணக்கே நம் தொழிலாதலின். தனியார் நிலையங்களில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 200 ரிங்கிட் ஆகிறது. மாதத்துக்கு 13 தடவை, 2,600 ரிங்கிட். இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். வேலையிலிருக்கும்போது நோயுற்ற சந்தாதாரர்களுக்குச் சொக்சோ கை கொடுக்கிறது. வேலை விட்டு வெகுநாளான தாயாருக்கு அவ்வழி இல்லை. ஆகவே, தர்ம ஸ்தாபனம் நடத்தும் சகாயக் கட்டண நிலையத்தில் ஓர் இடம் வேண்டும். அங்கே இயந்திரங்கள் இத்தனை, காத்திருப்போர் அவற்றினும் மிகப் பலர். தாயாரின் பெயர் வரிசையில் மூன்றாவதாயிருந்தது.

இங்கே நாம் மறைக்க விரும்பிய ஒன்றைக் கூறியாக வேண்டும். அந்நிலையத்தின் பொறுப்பாளரை நாம் ஆறு ஆண்டுக் கடிதப் போக்குவரத்தால் நன்கறிவோம். ஒருநாள் அவருக்குத் தொலைபேசியிற் பேசினோம். சலுகை வேண்டும் என்று கேட்டோமில்லை. "நிலைமை எப்படி இருக்கிறது?" என்று மட்டும் விசாரித்தோம். கேட்கும் குரலே விண்ணப்பமாகும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பதினொரு நாளில் இடம் கிடைத்தது. நமக்கு முன்னிருந்த இருவருள் ஒருவர் வேறூர் சென்றுவிட்டார் என்றனர். மற்றவர் என்ன ஆனார் என்று நாம் கேட்டோமில்லை. இன்றுவரை கேட்டோமில்லை.

ஸ்காத்லாந்து ஞானியாகிய ஆடம் ஸ்மித் 1759-இல் வெளியிட்ட நூலில் ஓர் உதாரணம் கூறுகிறார். சீன தேசம் முழுவதும் நிலநடுக்கத்தில் அமிழ்ந்துவிட்டது என்று கேள்வியுற்ற ஐரோப்பியன், சிறிது நேரம் வருந்திவிட்டு அன்றிரவு நன்றாக உறங்குவான். நாளை அவனுடைய சிறுவிரல் ஒன்றை இழக்க நேருமென்றாலோ கண் மூடான். பள்ளியில் இதனைப் படித்தபோது நாம் அந்த ஐரோப்பியனை இகழ்ந்தோம். 50,000 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு ஆறு ஆண்டு நன்றாக உறங்கியவர் யாரென்பது பின்னரே விளங்கிற்று. கீழ்த்திசையில் வேறொரு கதை உண்டு. இறந்த குழந்தையைத் தோளிற் சுமந்து மருந்து தேடிய கிசா கோதமியை, சாவு புகாத வீட்டிற் கடுகு வாங்கி வருமாறு புத்தர் அனுப்பினார். அவள் வீடுவீடாகச் சென்றாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது, சாவும் எல்லா வீட்டிலும் இருந்தது. தன் துயரைச் சுமந்து புறப்பட்டவள் ஊராரின் துயரை அறிந்து திரும்பினாள். இக்கதையைக் காட்டி, தன்னோயே பிறர்நோய்க்குக் கதவைத் திறக்கிறது என்று பிரசங்கிப்போர் உளர். வள்ளுவரும் அருளை அன்பின் குழந்தையாகவே கண்டார். நாம் மறுக்கவில்லை. ஆனால் கோதமிக்குக் கடுகு கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாள்? அடுத்த வீட்டை நோக்கி நடந்திருப்பாளா? நமக்குக் கிடைத்தது, நாம் நடந்தோமில்லை. நோய் கதவைத் திறக்கவும் செய்கிறது, தன்னைத் தவிரப் பிறர் நுழையாதபடி அடைக்கவும் செய்கிறது. ஒரே கதவுதான்.

இவ்விஷயத்தில் டயாலிசிஸின் சரித்திரமே ஒரு நீதிநூலாய் விளங்குகிறது. ஜெர்மானியர் வசப்பட்டிருந்த ஹாலந்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் டாக்டர் 1943-இல் கொத்திறைச்சி அடைக்கும் செல்லொபேன் உறையைக் கொண்டு இந்த இயந்திரத்தை ஆக்கினார். முதலில் வந்த நோயாளிகள் பெரும்பாலும் மடிந்தனர். 1945-இல் இயந்திரத்தால் உயிர் பிழைத்த முதல் நோயாளி, நாஜிகளுக்கு உடந்தையாயிருந்தாரென்று சிறைவைக்கப்பட்டிருந்த 67 வயது மாது! கோல்ஃபோ நாஜிகளை எதிர்த்தவர். அவர் நோயாளியின் இரத்தத்தைப் பார்த்தார்; கட்சியைப் பார்க்கவில்லை. அடுத்து 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர் ஸ்கிரிப்னர், நாட்பட்ட நோயாளிகளையும் பல்லாண்டு வாழவைக்கும் உபாயத்தைக் கண்டார். இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். அங்கே ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டி அமைந்தது. வயது, மணம், பிள்ளைகள், வருமானம், படிப்பு, தேவாலயத் தொடர்பு ஆகியவற்றையும் சீர்தூக்கி இன்னார் வாழ்க, இன்னார் மாள்க என்று அக்கமிட்டியார் முடிவு செய்தனர். 1962-இல் 'லைஃப்' பத்திரிகை இதனை வெளியிட்டபோது ஜனங்கள் திடுக்கிட்டனர். அவ்வெழுவரும் கொடியவரல்லர், தம் போன்றோரைத் தம் போன்றோரெனக் கண்டு இரங்கிய சாதாரண மனிதர். நாம் தொலைபேசியை எடுத்த அன்று, அக்கமிட்டியில் எட்டாமவராய் உட்கார்ந்தோம் என்பதே நமது அபிப்பிராயம்.

நமது நண்பராகிய ஆசிரியர் ஒருவர் இதனையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "காரணம் எதுவாயிருந்தால் என்ன? உண்டியல் நிறைந்தால் சரி" என்பது அவர் கட்சி. அவர் கட்சியில் வலுவுண்டு. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் 1901-இல் திறந்தவுடன் மலேரியாக் காய்ச்சல் பரவி, துறைமுகமே நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் துறைமுகத்திலும் கால்வாய் வெட்டிச் சதுப்பு நீரை வடித்தார், காய்ச்சல் தணிந்தது. அதற்குச் செலவிட்ட சர்க்கார் கூலிகளின்மேல் கொண்ட அன்பினால் மட்டும் செலவிட்டது என்று எவரும் நம்பார். கப்பல் ஓட வேண்டும். ஆயினும் வடிந்த சதுப்பில் கொசு பிறக்கவில்லை. கொசு கடியாதவருள் கூலியும் இருந்தான். ஆகவே நோக்கத்தை ஆராய்ந்துகொண்டிராமல் கால்வாயை வெட்டுக என்கிறார் நண்பர்.

ஆனால் உண்டியல் கால்வாயன்று. வெட்டிய கால்வாய், வெட்டியவன் மனம் மாறினாலும் நீரை வடித்துக்கொண்டே இருக்கும். உண்டியலோ கொடுப்பவன் மனத்தையே நம்பி நிற்பது. 2005-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பெயர்பெற்ற ஒரு சிறுநீரக தர்ம ஸ்தாபனத்தின் தலைமை அதிகாரியுடைய பெருஞ்சம்பளமும், பொன்முலாம் பூசிய குழாயும் கோர்ட்டில் வெளிப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் தம் மாதச் சந்தாவை நிறுத்தினர். நம் அத்தையாரும் நிறுத்தினார். பள்ளிப் பையனாயிருந்த நாம் அவர் சினத்தை நியாயமெனக் கொண்டோம். இன்றும் நியாயமெனவே கொள்கிறோம். கொடுத்தவர் விலகிக்கொள்ளலாம். அன்று வெள்ளிக்கிழமை இயந்திரத்திற் படுத்தவர் திங்கட்கிழமையும் வந்து படுத்தேயாக வேண்டும். அவர் யாரிடம் சினங்கொண்டு விலகுவார்? கொடையாளனுடைய மனநிலையில் நோயாளியின் உயிர் தொங்குவது அறமாகாது என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை. தாயாரின் கையில் வண்டு இரையக் கேட்ட பின்னரே தோன்றியது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. 1971-இல் நோயாளி ஒருவர் காங்கிரஸ் கமிட்டியாரின் கண்முன்னேயே இயந்திரத்தோடு இணைக்கப்பட்டார். மறுவருஷமே, 1972-இல், டயாலிசிஸ் வேண்டுவோரில் ஏறத்தாழ அனைவருக்கும் அரசாங்கமே செலவு ஏற்பதற்குச் சட்டம் பிறந்தது. ஏழு பேர் கமிட்டிக்கு வேலை இல்லாதொழிந்தது. அச்சட்டத்தால் செலவு பெருகியது, வியாபாரிகள் நுழைந்தனர் என்று குறைகூறுவோர் உளர். அது வேறு வழக்கு. நாம் எடுத்துக்கொள்வது இவ்வளவே: நோயை அருகில் வைத்துக் காட்டினர், கண்டவர் இரங்கினர், இரங்கியவர், இனி எவரும் கண்டு இரங்க வேண்டாதபடி ஒரு விதியைச் செய்தனர். தன்னோயினால் வரும் இரக்கம் அறமா என்று முதலிற் கேட்டோம். அது அறிவு என்பதே நமது முடிவு. தாகம் இன்னதென்றும், பெரட்டு நேரம் ஒரு குடும்பத்தை என்ன செய்யுமென்றும் அது அறிவிக்கிறது. அவ்வறிவைத் தன் வீட்டுக்குள் பூட்டினால் அது நாம் செய்த தொலைபேசிப் பேச்சாக முடியும்.

தாயாரின் நாற்காலிக்கு இரண்டு நாற்காலி தள்ளி, அந்த ஜாகாவின் மனைவியார் அமர்கிறார். திங்கள், புதன், வெள்ளி, அதே முறை. முதல் நாள் அவர் கணவர் நம்மைக் கண்டதும், நாம் தலைகுனிந்தோம். "கிராணியாரே, அம்மாவுக்கு ஒரு போர்வை கொண்டாங்க, நாலு மணி நேரம் குளிரும்" என்றார். கீரையை இரண்டு முறை நீர் மாற்றி வேகவைக்கும் விதத்தையும் அவர் மனைவியாரே நமது மனைவியாருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் நம்மைக் குத்திக் காட்டவில்லை, மன்னித்துவிட்டதாகவும் கூறவில்லை. அவருக்கு உறக்கம் இருந்தது. சுவரிற் சாய்ந்து உறங்கிவிட்டார்.

அவ்வாரமே நாம் நிருவாகிக்கு ஒரு கடிதம் எழுதினோம். நோயாளியை டயாலிசிஸுக்குக் கொண்டுசெல்லும் தொழிலாளி அந்நாட்களிற் பிந்தி வரலாம், பெயர் நீங்காது என்று தோட்ட விதியிற் சேர்க்குமாறு கேட்டோம். இரண்டு ஆண்டுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது; எழுதுவதற்கு அரைமணி நேரமே பிடித்தது. நிருவாகி மறுப்பின்றி ஒப்பினார். கமிட்டியிலும், இடம் ஒதுக்கும் வரிசையை எல்லோரும் காணச் சுவரில் ஒட்ட வேண்டும், கமிட்டியாரின் உறவினர் பெயர் அதில் இருந்தால் அவர் அவ்விஷயத்திற் பேசலாகாது என்று பிரேரணை கொண்டுவந்தோம். காரணத்தையும் கூறினோம். சிலர் முகம் சுளித்தனர். பிரேரணை நிறைவேறியது, காரியதரிசிப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்தோம்.

சென்ற மாதம் இந்தோனேசியத் தொழிலாளர் ஒருவர் அதே மேசைக்கு முன் வந்து நின்றார். அவருடைய மனைவிக்கு இருதயத்தில் கோளாறு. வெளிநாட்டாராதலின் அரசாங்க வைத்தியசாலையில் முழுக் கட்டணம். பட்டணத்துக்கு அழைத்துச் செல்ல வாரம் இரண்டு நாள் வேண்டுமென்றார். புதிய விதியை எடுத்துப் பார்த்தோம். அதிற் 'டயாலிசிஸ்' என்று எழுதியிருந்தது, நமது கையாலேயே. இருதயம் என்று எழுதவில்லை. நமது வீட்டில் எவருக்கும் இருதய நோய் இல்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டாவது கடிதத்தைத் தொடங்கினோம். அதற்கு நிருவாகியிடமிருந்து இன்னும் விடை வரவில்லை. நாளைக் காலை மறுபடியும் சென்று கேட்கவிருக்கிறோம்.